விலங்குப் பண்ணையில் அந்தப் பால் எங்கே போனது?

தங்கச்சிமடம் வாசகி:

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடிப் புத்தகம் வாசிக்கிறோம். இம்முறை ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'. முதலாளியை விரட்டிவிட்டு, பன்றிகளின் தலைமையில் விலங்குகளே பண்ணையை நடத்தும் நாவல். கூட்டத்தில் ஒருவர், "நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், ஸ்னோபால் என்ற பன்றி அவர் விரட்டிய டிராட்ஸ்கி, காற்றாலை ஐந்தாண்டுத் திட்டம். ரஷ்யக் கதை, முடிந்துபோன கதை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் அப்பா கரைவலை இழுத்தவர். நான் ஆறாவது படிக்கும்போது, இழுக்கிறவர்களே காசு சேர்த்துச் சொந்தமாக ஒரு வலை வாங்கினார்கள். அதுவரை வலை முதலாளியான சம்மாட்டியுடையது, கடனும் அவரிடம்தான். ஐஸ் கொட்டகைச் சுவரில் நீலப் பெயின்டில் 'எல்லோருக்கும் சமப் பங்கு' என்று எழுதினார்கள். முதல் நாள் மீன் சேரும் வலைமடி கரையேறியபோது அப்பா அழுததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் இருக்கும். பொறுப்பில் இருந்த நால்வர், ஏலம் போடுவதற்கு முன்பே நல்ல பாறை மீன்களாகப் பொறுக்கிக் 'கறிக்கு' என்று ஓலைப்பெட்டியில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். கறிக்கு மீன் எடுப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் இழுத்தவர்கள் கைக்கு வந்தது காரல் என்ற பொடிமீன். ஒருவர் கேட்டார். "கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் தெம்பு வேண்டாமா? மறுபடி சம்மாட்டி முன்னால் கைகட்டி நிற்கப் போகிறீர்களா?" என்று பதில் வந்தது. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

நாவலில் ஐந்து வாளிப் பால் நுரை தள்ளி நிற்கிறது. "இவ்வளவு பாலையும் என்ன செய்வது?" என்று யாரோ கேட்கிறார்கள். பாலை விடுங்கள், அறுவடைதான் முக்கியம் என்று நெப்போலியன் வாளிகளின் முன்னால் போய் நிற்கிறது. மாலையில் திரும்பி வந்தால் பால் இல்லை. பகலில் கேட்டவர்கள் மாலையில் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு நாள் இருந்தேன். புரட்சி கெட்டது, நெப்போலியன் வளர்த்த நாய்கள் ஸ்னோபாலைத் துரத்தப் பாய்ந்து வந்தபோதா, அதற்கும் முன்பே இந்தப் பாலிலா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை ஓய்வு ஆசிரியர்:

நீங்கள் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள், அம்மா. ஆர்வெல்லே 1946-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென்று வைத்துக்கொண்ட இடம்தான் கதையின் திருப்பம் என்கிறார். மற்ற விலங்குகள் அப்போதே முடியாது என்று நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது அவர் எண்ணம். பக்கத்திலேயே கிரான்ஸ்டாட் என்று குறிப்பிடுகிறார். 1921 மார்ச்சில் அந்தத் தீவுக் கோட்டையில் இருந்த கடற்படை மாலுமிகள் சோவியத் அரசை எதிர்த்து எழுந்தார்கள். அரசு படையை அனுப்பி அடக்கியது. ரஷ்யப் புரட்சியில் முன்வரிசையில் நின்ற அதே மாலுமிகள்.

புத்தகம் 1945 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. போரில் ரஷ்யா பிரிட்டனின் கூட்டாளியாக இருந்த நேரம் என்பதால் பல பதிப்பாளர்கள் தொடத் தயங்கினார்கள். கவிஞர் டி. எஸ். எலியட்டும் ஒரு பதிப்பகத்தின் சார்பில் திருப்பி அனுப்பினார். பொதுநல எண்ணம் கொண்ட பன்றிகள் இருந்தால் போதுமே என்பதுபோல அவர் எழுதிய கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஓலைப்பெட்டியில் மீன் எடுத்தவர்களும் தொடக்கத்தில் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மண்டபம் முனை:

அக்கா, ரஷ்யக் கதை என்று சொன்னவரை அப்படியே தள்ளிவிடாதீர்கள். பண்ணையின் மரக்கட்டைகளை வாங்கிக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்காரர் பிரெடெரிக் கள்ள நோட்டுக் கொடுக்கும் இடம் 1939-இல் ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட ஒப்பந்தம். அடுத்து காற்றாலை தகர்வது 1941 படையெடுப்பு. இது தெரியாமல் படித்தால் பாதி கைநழுவிவிடும். இன்னொன்று: ஆர்வெல் புரட்சியை வெறுத்தவர் இல்லை. ஸ்பெயினில் பாசிசத்துக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தி, 1937-இல் கழுத்தில் குண்டு வாங்கியவர். இந்தப் புத்தகத்தைக் காட்டி 'யார் வந்தாலும் இப்படித்தான்' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

பாம்பன் நாட்டுப்படகு:

நான் படகில் கூலிக்குப் போகிறவன். எனக்கு அந்தக் குதிரை பாக்ஸர்தான். "இன்னும் கடினமாக உழைப்பேன்" என்று சொல்லிச் சொல்லியே நுரையீரல் போய் விழுகிறது. அடிமாட்டு வண்டியில் ஏற்றிய பிறகுதான், நன்றாகப் படிக்கத் தெரிந்த கழுதை பெஞ்சமின், வண்டியில் எழுதியிருப்பதை வாசித்துக் கத்துகிறது. அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தக் கழுதையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தங்கச்சிமடம் வாசகி:

தம்பி, உங்கள் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. ஒரு பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் போகும்போது, ஐஸ் கொட்டகைச் சுவரில் 'எல்லோருக்கும் சமப் பங்கு' என்பதன் கீழே 'பொறுப்பாளர்களுக்கு இரண்டு பங்கு' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. மேலே உள்ள நீலம் உப்புக்காற்றில் வெளுத்திருந்தது. கீழே உள்ளது ஈரம் காயாமல் பளபளத்தது. விரலால் தொட்டேன், ஒட்டியது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

நேற்று இரவு அவருக்கு அந்தப் பால் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "கறந்தது யார்?" என்றார். பன்றிகள்தான் கறந்தன, அவற்றின் குளம்பு அதற்குத் தோதாக இருந்ததாம் என்றேன். "அப்போ மாட்டை யாரும் கேட்கவில்லையா?" என்றார். புரட்டிப் பார்த்தேன். மாடுகள் பேசும் வரி அந்த இடத்தில் இல்லை. பிறகு சுவரைப் பற்றிச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானும் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.