ராத்திரி ஸ்டோரு வேலை: தூக்கம் குறைஞ்சா பசி கூடுது, நடமாட்டம் குறையுது – ஏன்?

மலைமுகடு (கேள்வி கேட்டவர்)

இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்ல ராத்திரி ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) வேலைக்குப் போறவங்களுக்குன்னு ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் தயாராகுது. வாட்டின கொழுந்தை நடுச்சாமத்துக்குப் பிறகுதான் ரோலர்ல (கொழுந்து கசக்குற மெசின்ல) போடுறாங்க. ராத்திரி பத்துக்கு உள்ளே போனா காலை ஆறுக்குத்தான் வெளியே. பகல்ல கிடைக்கிறது நாலஞ்சு மணித்தியாலத் தூக்கம். தெரிஞ்சவங்க ரெண்டு விசயத்தைத் தெளிவாக்குங்க. பசி கூடுறது ஹோர்மோனாலயா, இல்ல முழிச்சிருக்கிற நேரம் கூடுறதாலயா? "ராமுழிச்சா கலோரி எரியும், ஆள் இளைச்சிருவான்"னு லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) சொல்றாங்களே, அது சரியா?

சத்துக்கணக்கு

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். எரிவது உண்மை, இளைப்பது பொய். 2013இல் கொலராடோவில் 16 பேரை ஐந்து நாள் இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டு அளந்தார்கள். உடம்பின் கலோரிச் செலவு ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது நாளுக்கு 110 கலோரி அளவில் கூடியது. ஆனால் உணவை அவர்கள் விருப்பத்துக்கு விட்டதும் அதைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை சராசரியாக 0.8 கிலோ ஏறியது. காலைச் சாப்பாடு சிறுத்தது. ராச்சாப்பாட்டுக்குப் பிறகு கொறித்ததோ எந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் மிஞ்சியது. நம்ம ஊர்க் கணக்கில் 110 கலோரி என்பது 30 கிராம் கோதுமை மா. அரை ரொட்டிக்குக்கூடக் காணாது.

ஹோர்மோன் கதை கொஞ்சம் சிக்கல். 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணித்தியாலம் படுக்க வைத்தபோது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு இது. ஆனால் அங்கே சத்தின் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கொலராடோவில் விருப்பப்படி சாப்பிட்டவர்களுக்கு லெப்டின் கூடி, கிரெலின் குறைந்தும் கை நிற்கவில்லை. ஆகவே பிரசுரத்தில் "ஹோர்மோன் கெட்டுப்போகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். விழித்திருக்கும் நேரம் நீளுகிறது, களைத்த மூளைக்கு இனிப்பும் மாவும் கூடுதலாக இழுக்கிறது. இவை இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

இன்னொன்று, இவையெல்லாம் இரவுத் தூக்கத்தைக் குறைத்துச் செய்தவை. ஸ்டோரு ஆட்களுக்கு உடம்புக் கடிகாரமும் எதிராக நிற்கிறது. அதே அளவு சோற்றைப் பகலில் தின்பதைவிட நடுச்சாமத்தில் தின்றால் இரத்தச் சீனி கூடுதலாக ஏறும்.

ஏற்றமலை (பதில்)

நடமாட்டம் பற்றி. ஜேர்மனியில் 2009இல் 15 ஆண்களை இரண்டு இரவு அரைகுறையாகத் தூங்க விட்டுப் பார்த்தபோது மறுநாள் அசைவு குறைந்தது. அதிலும் மூச்சு வாங்கும் கடும் அசைவின் பங்கு சுருங்கியது. தோட்டத்தில் இது பெரட்டுக் களத்தில் (காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் இடத்தில்) தெரியாது. கொழுந்தைக் கிலோ நிறுத்துத்தான் பேர் (நாள் கூலி) போடுவதால் மலையில் யாரும் வேலையைக் குறைக்க மாட்டார். குறைவது வேலைக்கு வெளியே: தண்ணீர் எடுக்க இரண்டாம் தடவை போகாதது, மரக்கறித் தோட்டத்தைத் தொடாதது, கடைக்கு ஓட்டோவில் போவது. "தோட்ட வேலைக்குத் தேகப்பயிற்சி எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

உடம்பைக் குறைக்கச் சாப்பாட்டைச் சுருக்குபவர்களுக்குத் தூக்கமின்மை இன்னும் மோசம். 2010இல் பருமனான 10 பேருக்குக் குறைந்த கலோரி கொடுத்து 14 நாள் பார்த்தார்கள். 8.5 மணித்தியாலம் படுத்தபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, 5.5 மணித்தியாலத்தில் 0.6 கிலோதான். எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது, ஆனால் மீதி போனது கொழுப்பல்ல, தசை முதலியவை. தராசு அதைக் காட்டாது.

சாயத்தண்ணி (பதில்)

ஒரு திருத்தம். அசதி எல்லாத்தையும் தூக்கத்து மேல போட்டுராதீங்க. தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு இரத்தச்சோகை நிறைய. மூச்சிரைப்பு, படபடப்பு, வெளிறின கண்ணிமை இருந்தா முதல்ல ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்க. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சேர்றது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கணும். இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியில விழுங்கக்கூடாது.

சீனிக் கணக்கு ஒண்ணு போடுங்க. ஒரு கோப்பைக்கு ரெண்டு தேக்கரண்டின்னா 10 கிராம். ஆறு கோப்பைக்கு 60 கிராம், 240 கலோரி. அமெரிக்காவில 2022இல 80 பேருக்குத் தூக்கத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேல நீட்டினப்போ தின்னது குறைஞ்சது நாளைக்கு 270 கலோரி. ஏறத்தாழ அந்தச் சீனி அளவு!

மலைமுகடு

நன்றி. தேத்தண்ணியை எத்தனை மணியோட நிறுத்தணும்? ராத்திரி சாப்பாட்டை எப்படிப் பிரிக்கிறது?

சத்துக்கணக்கு

ஒரு கோப்பைச் சாயத்தில் (பால் விடாத தேத்தண்ணியில்) 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன். அதில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணித்தியாலம் அளவு; கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் நீளும். காலை எட்டு மணிக்குப் படுப்பவருக்கு ராத்திரி இரண்டு மணிக் கோப்பையே கடைசி. பிறகு சுடுதண்ணி அல்லது சீனி போடாத கொத்தமல்லித் தண்ணி.

வேலைக்குப் போகுமுன் எட்டரைக்குச் சோறு, பருப்பு, கீரை, நெத்தலி என்று வயிறாரச் சாப்பிட வேண்டும். பன்னிரண்டு, ஒரு மணிக்கு ஒரு கை அவித்த கடலை அல்லது ஒரு முட்டை. பானும் பணிசும் (பேக்கரி ரொட்டி, பன்) அந்த நேரத்தில் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் திரும்பப் பசிக்கும். வீட்டுக்கு வந்ததும் சின்னச் சாப்பாடு. பட்டினியாகப் படுத்தால் பத்து மணிக்கே விழிப்பு வரும்.

ஜன்னலுக்குப் பழைய கம்பளியை மடித்து ஆணியடித்தால் வெளிச்சம் மறையும். பக்கத்துக் காம்பிரா (அறை) சத்தத்துக்குக் காதில் பஞ்சு. ஒரே மூச்சில் ஏழு மணித்தியாலம் கிடைக்காவிட்டால் எட்டிலிருந்து ஒன்று வரை ஒரு தூக்கம், மாலை ஆறிலிருந்து ஏழரை வரை இன்னொன்று. எழுந்ததும் ரோலருக்குப் பக்கத்தில் போக வேண்டாம், தூக்க மயக்கம் தெளிய அரை மணித்தியாலமாவது விடுங்கள். விடியப்புறம் மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள்தான் கண் தானாகச் செருகும். கை மாட்டிக்கொள்ளக்கூடிய வேலையை அந்த நேரத்துக்கு வைக்காதபடி ஸ்டோரு கணக்கப்பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம்.