புதுப்பிப்பு: பழைய லேப்டாப்பில் ப்ராசஸர் மாற்றியாச்சு

பென்டியம் பி960 ப்ராசஸர் உள்ள என் பழைய லேப்டாப்பில் அதைவிட வேகமான கோர் ஐ5-2520எம் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டாச்சு, நன்றாக ஓடுகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரண்டுமே 35 வாட் சிப் என்பதால் சூட்டை வெளியேற்றும் பழைய ஹீட் சிங்கே போதுமானதாக இருந்தது. மதர்போர்டில் இருப்பது எச்எம்65 சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்). பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) எந்தத் தகராறும் செய்யாமல் புது சிப்பை அடையாளம் கண்டுகொண்டது. இதற்கு அடுத்த மூன்றாம் தலைமுறை ப்ராசஸருக்கே போகச் சொன்னீர்கள் சிலர். அதற்கு பயாஸ் அப்டேட் வேண்டும், என் மாடலுக்கு அது வரவில்லை.

மாற்றியது இப்படித்தான்: ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள திருகை அரைச் சுற்று திருப்பினால் பிடி விட்டுவிடும், சிப் லேசாகக் கையோடு வரும். புதியதை வைக்கும்போது மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சரியாகப் பொருத்தி, அழுத்தாமல் விட வேண்டும். ஊசிகள் தாமாகவே இறங்கிவிடும். இங்கே மட்டும் அவசரம் கூடவே கூடாது. அப்புறம், சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கிடந்தது, அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

வாங்கப்போகிறவர்கள் கவனிக்க: இதே பெயரில் போர்டோடு பற்றவைக்கும் வகையும் உண்டு. அடியில் ஊசி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பலன்? 2.2 கிகாஹெர்ட்ஸில் நின்றது இப்போது டர்போவில் (தேவைப்படும்போது தானே வேகம் கூடும் வசதி) 3.2 வரை போகிறது. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தொடர்கள், அதாவது த்ரெட், இரண்டிலிருந்து நான்காகிவிட்டது. வீடியோ கால் ஓடும்போதே பிரவுசரில் வேலை பார்க்க முடிகிறது. விண்டோஸ் திறக்கும் நேரம் மட்டும் பெரிதாக மாறவில்லை. அதற்காக அடுத்து எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போடப்போகிறேன்.