அல் தென்தே: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். வெனிஸ் நகரில் வெளியே சாப்பிடுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். பாஸ்தா, ரிசோட்டோ (இத்தாலிய அரிசி உணவு), பிகோலி ஆகிய பெயர்களை அப்படியே வைத்துவிட்டேன். கோபெர்த்தோவுக்கு ‘இருக்கைக் கட்டணம்’ என்று போட்டிருக்கிறேன். மேசையில் உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்கும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் வருகிற தொகை அது. முழு மீனுக்குப் பல கடைகளில் ‘எத்தோ’ கணக்கில் விலை எழுதியிருப்பார்கள். எத்தோ என்றால் 100 கிராம். அதை மீனின் முழு விலை என்று நினைத்துவிட்டால் பில் வரும்போது திகைக்க வேண்டியிருக்கும். அதனால் சொல்லை மாற்றாமல் விளக்கம் மட்டும் சேர்த்தேன்.

மாட்டிக்கொண்டது அல் தென்தே என்ற இத்தாலியச் சொல்லில். நேர்ப்பொருள் ‘பல்லுக்கு’. பாஸ்தா வெந்திருக்க வேண்டும், ஆனால் கடிக்கும்போது பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு தெரிய வேண்டும். முதல் வரைவில் ‘அரைவேக்காடு’ என்று எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். அந்தச் சொல்லில் குறை தொனிக்கிறது. இங்கே சொல்ல வேண்டியது சமையல்காரரின் திறமையை. உதவுங்கள்.

வெனிஸ் போய் வந்தவர்:

இந்தச் சொல் இல்லாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். ரியால்டோ மீன் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன உணவகம். அம்மாவுக்கு பிகோலி இன் சால்சா வாங்கிக் கொடுத்தேன். தடித்த பாஸ்தா; வெங்காயத்தையும் உப்பிட்ட நெத்திலியையும் கரைய வதக்கிய சாறு. ஒரு வாய் வைத்துவிட்டு, “வேகவே இல்லையே” என்றார் அம்மா. நான் தட்டைத் திருப்பிக் கொடுத்து இன்னும் வேகவைக்கச் சொன்னேன். பரிமாறியவர் ஒன்றும் பேசாமல் எடுத்துப் போனார். திரும்பி வந்தது களி மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ‘இது வேகாதது இல்லை அம்மா, இதன் பதமே இதுதான்’ என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

சமையற்கலை ஆசிரியை:

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது தம்பி. பதம்தான் சொல். பாகுக்குக் கம்பிப் பதம், உருண்டைப் பதம். பிரியாணி அரிசிக்கு முக்கால் பதம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நாம் விரலால் தொட்டும் நசுக்கியும் பார்த்துப் பதத்துக்குப் பெயர் வைத்தோம். அவர்கள் பல்லால் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘பல்பதம்’.

வகுப்பில் நான் இதை விளக்கும் விதம்: உலர் பாஸ்தாவை இத்தாலியில் டியூரம் என்கிற கடினக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். அந்தக் கோதுமையின் புரதம் வலைபோல நின்று மாவுச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து உள்ளே வெந்துகொண்டு போகும்போது ஒரு துண்டை நறுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதை அவர்கள் ‘ஆனிமா’ என்கிறார்கள், உயிர் என்று பொருள். புள்ளி மறைகிற தறுவாயில் வடித்துச் சாறோடு சேர்த்துப் புரட்டினால் பல்பதம்.

தமிழாசிரியர்:

ஆசிரியை அம்மா சொன்னது பொருளளவில் சரி. ஆனால் பல் + பதம் என்பது வேற்றுமைப் புணர்ச்சி. லகரம் றகரமாகத் திரிய வேண்டும் என்பது நன்னூல் விதி. கடையில் ‘பற்பசை’ என்று கேட்டு வாங்குகிறோமே! ‘பற்பதம்’ என்பதே பிழையற்ற வடிவம்.

இன்னொன்று. சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுத்த சோறு முரியாத அரிசியில் ஆக்கியது, விரல்போல நிமிர்ந்து நின்றது என்று வருகிறது. ‘புழுக்கல்’ என்றே அங்கே பெயர். அதை அடுத்து, இரவும் பகலும் ஊன் தின்றதால் கொல்லையை உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிவிட்டது என்கிறான் பொருநன். சோற்றின் நிமிர்வும் பல்லின் உழைப்பும் பக்கத்துப் பக்கத்து அடிகளில் இருக்கின்றன. எனவே ‘நிமிர்பதம்’ என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

சொல்லாய்வு ஆர்வலர்:

ஐயா, ‘தென்தே’ என்பதை உற்றுப் பாருங்கள். இலத்தீனில் பல்லைக் குறிக்கும் சொல்லும் வடமொழித் ‘தந்த’மும் ஒரே வேரில் பிறந்தவை. தந்தம் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டது. ‘தந்தப்பதம்’ என்றால் மூலத்தின் ஒலியும் காதில் விழும்.

இதற்கு முன் ‘பதம் தமிழா?’ என்ற கேள்வியைத் தீர்க்க வேண்டும். சொல்லைக் குறிக்கும் பதம் வடமொழி. பக்குவத்தைக் குறிக்கும் பதம் வேறு என்பது என் துணிபு. பதநீர், பதப்படுத்துதல், பதன் எல்லாம் இந்தக் குடும்பம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் புளிக்காமல் நிற்கிறதே, அதுதான் பதநீர். கெடாத நிலை, வேண்டிய நிலை என்று பொருள் கிளைத்திருக்கிறது. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

சமையற்கலை ஆசிரியை:

தந்தம் என்றால் யாருக்கும் யானைதான் நினைவுக்கு வரும். பற்பதம் என்றால் சித்த மருந்துக் கடைப் பற்பம். இலக்கணம் தெரிந்துதான் சொல்கிறேன் ஐயா, படிப்பவருக்குப் பல் என்ற எழுத்து கண்ணில் பட வேண்டும்.

வெனிஸ் போய் வந்தவர்:

அல் தென்தே என்றே விட்டால் என்ன? அங்கே பரிமாறுபவரிடம் அந்தச் சொல்லைத்தானே சொல்ல முடியும்?

மொழிபெயர்ப்பாளர்:

பரிமாறுபவரிடம் சொல்ல அது போதும். நீங்கள் அன்றைக்கு அம்மாவிடம் சொல்லத் தேடியது வேறு சொல் அல்லவா? எனக்கு வேண்டியது அதுதான்.

இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. வெனிஸ் பக்கத்து ரிசோட்டோ ‘அல்லோந்தா’ இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. ஓந்தா என்றால் அலை. தட்டைச் சாய்த்தால் அலைபோல மெல்ல நகர வேண்டும். கணவாய் மையில் கறுத்த ரிசோட்டோவுக்கும் இதே அளவுகோல். வியலோனே நானோ என்கிற குட்டை அரிசியில் செய்கிறார்கள். குழம்பு நெகிழ்ந்து ஓடும், ஆனால் உள்ளே அரிசி பல்லுக்குத் தட்டுப்படும். ஒரே தட்டில் இரண்டு பதம்! ‘அலைப்பதம்’ என்று எழுதலாமா?

சமையற்கலை ஆசிரியை:

எழுதுங்கள். அழகான சொல். அலைப்பதம் வந்தால் அதன் ஜோடி பல்பதமாகத்தான் இருக்க முடியும்.

தமிழாசிரியர்:

அலைப்பதத்தை மனமார ஏற்கிறேன். அங்கே ஒற்று மிகுந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு சொல்லில் விதியைக் காத்துவிட்டு அதன் ஜோடியில் கைவிடுவது எப்படி?

மொழிபெயர்ப்பாளர்:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. சார்தே இன் சாவோர்: மத்தி மீனைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் விதையோடு அடுக்கி ஒரு நாளாவது ஊறவிடுவது. ‘மத்தி ஊறல்’ சரியா?

வெனிஸ் போய் வந்தவர்:

வேண்டாம். செய்தித்தாளில் ஊறல் என்றாலே போலீஸ் அழித்த சாராய ஊறல்தான். ‘ஊறிய மத்தி’ என்று போடுங்கள்.

சொல்லாய்வு ஆர்வலர்:

பதநீர் பற்றிய மடலை அனுப்பிவிட்டேன், நான்கு பகுதிகளாக வரும். தந்தப்பதத்தை நான் திரும்பப் பெறவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு மணி பதினொன்று. இதுவரை பல்பதத்துக்கு ஆதரவு அதிகம். பற்பதத்துக்கு ஐயா ஒருவர், தந்தப்பதத்துக்கு ஒருவர். முதல் முறை வரும்போது ‘அல் தென்தே எனப்படும் பல்பதம்’ என்றும், பிறகு பல்பதம் என்று மட்டும் எழுதிக் கோப்பை அனுப்பிவிட்டேன். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழாசிரியர்:

பொறுத்துக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை.

வெனிஸ் போய் வந்தவர்:

நேரம் கடந்துவிட்டது, தெரியும். இன்று காலை அம்மாவிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பிகோலியை அவர் மறக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “கடிபதம்னு சொன்னா என்னடா?” என்றார்.

தமிழாசிரியர்:

கடிபதம்! வினைத்தொகை. கடித்த, கடிக்கிற, கடிக்கும் பதம். ஒற்று மிகாது, திரிபும் இல்லை. கடி என்னும் உரிச்சொல்லுக்கு நன்னூல் 13 பொருள் சொல்கிறது. அவற்றுள் சிறப்பும் ஒன்று, புதுமையும் ஒன்று. தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கோப்பைத் திரும்பப் பெற வழி உண்டா?

சமையற்கலை ஆசிரியை:

எனக்கு இன்னும் பல்பதம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் இரண்டையும் பலகையில் எழுதிப் பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

கோப்பு போய்விட்டது ஐயா. மெய்ப்பு செவ்வாய்க்கிழமை வருகிறது. பல்பதம் மொத்தம் ஏழு இடத்தில் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் எழுதுங்கள் அக்கா.