வான் பாஸ்டன் 28 வயதிலேயே நின்றுவிட்டாரா?

செல்லூர்க்காரன்:
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சாயங்காலம் ஆடும் எங்கள் செட்டுக்குள் ஒரே சண்டை. நெதர்லாந்து கால்பந்து ஸ்ட்ரைக்கர் மார்கோ வான் பாஸ்டன் 28 வயசுக்கு மேல் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை என்கிறான் ஒருத்தன், இன்னொருத்தன் 1995 வரை இத்தாலியின் ஏசி மிலன் கிளப் ஆள்தான் என்று சாதிக்கிறான். எது சரி?

தெப்பக்குளம் 88:
ரெண்டுமே சரிதான் தம்பி. கடைசியாக ஆடியது 1993 மே, பிரான்ஸின் மார்செய் கிளப்பிடம் மிலன் 1-0 என்று தோற்ற சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஓய்வை அறிவித்தது 1995 ஆகஸ்ட். இடையில் முழுக்க கணுக்கால் தேறும் தேறும் என்று காத்திருந்ததுதான். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கடைசி மேட்ச் நடந்த அதே மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில்தான் 1988 யூரோ இறுதியில் சோவியத்துக்கு எதிராக, கோணமே இல்லாத வலது ஓரத்திலிருந்து, சக வீரர் மியூரன் தூக்கிப்போட்ட பந்தைக் கீழே விழவிடாமல் அடித்து சோவியத் கோல்கீப்பர் தசாயேவ் தலைக்கு மேலே உள்ளே இறக்கினார். அந்த கோலை இன்னும் பார்க்காதவன் ஸ்ட்ரைக்கர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது.

கேகே நகர் பேக்:
ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதை மூன்று முறை வாங்கியவர் அண்ணே, 1988, 89, 92. நம்ம டிஃபெண்டர்கள் மாதிரி எதிரணிக்காரர்கள் பின்னாலிருந்து காலை வாரியே அவர் கணுக்காலில் பாதியை முடித்தார்கள், மீதியை ஆபரேஷன்கள் முடித்தன. 1994 உலகக் கோப்பையில்தான் அந்த டேக்கிளுக்கு நேரே சிவப்பு அட்டை என்று ஃபிஃபா கண்டிப்பு காட்டியது.

செல்லூர்க்காரன்:
சரி, அப்போ பந்தயப் பணம் யாருக்கு?

தெப்பக்குளம் 88:
ஆளுக்குப் பாதியாக ஜிகர்தண்டா குடியுங்கள். அப்புறம், கணுக்காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆடுகிறானே உங்கள் பத்தாம் நம்பர், அவனை முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்.