பகல் பதினொரு மணிக்குச் சொற்பொழிவு வைத்தால் ஊர்க்காரன் எப்படி வருவான்?

கோட்டையூரான்:
பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அடுத்த இரண்டு மாத நிகழ்ச்சி நிரல் வாட்ஸ்அப்பில் வந்தது. செட்டிநாட்டு வீடுகளைப் பராமரிப்பது பற்றி ஒரு கருத்தரங்கம், மின்கலங்களைப் பற்றி ஓர் அறிவியல் சொற்பொழிவு, ஒரு வீணைக் கச்சேரி. மூன்றுமே நல்ல விஷயம், 'அனைவரும் வருக' என்றும் போட்டிருக்கிறார்கள். ஆனால் மூன்றும் வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு! கடையைப் பூட்டிவிட்டு யார் வர முடியும்? பழைய வீட்டைப் பற்றிப் பேசும்போது, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரும், கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிறவரும் அரங்கில் இருக்க வேண்டாமா? அவர்களுக்கு ஒருநாள் கூலி போய்விடும். மாலை ஆறு மணிக்கு வையுங்கள், தமிழில் வையுங்கள், இவ்வளவுதான் கேட்கிறேன்.

ஆய்வு மாணவி:
அண்ணே, ஆறு மணி என்று சொல்வது சுலபம். கல்லல், புதுவயல் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் ஐந்து மணிப் பேருந்தைவிட்டால் வீடு போய்ச் சேர எட்டு மணியாகிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடிந்தால், அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா அடுத்த நிகழ்ச்சிக்கு அனுப்புவார்களா? பல்கலைக்கழகம் முதலில் மாணவர்களுக்காக இருக்கிறது. ஒரு பெரிய விஞ்ஞானி வருகிறார் என்றால் அவரிடம் நேரில் கேள்வி கேட்கும் வாய்ப்பு கிராமத்துப் பெண்ணுக்கு அங்கே மட்டும்தான் கிடைக்கும், அதைப் பிடுங்கி ஊருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள். மொழி விஷயமும் அப்படித்தான். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார்.

பள்ளத்தூர் ஆச்சி:
மாணவர்களுக்கு என்கிறாயே தாயி, அங்கே நடப்பதையும் சொல்ல வேண்டாமா? குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, அதற்கு ஒவ்வொரு படம். வந்த விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிடுகிறது. கடைசி வரிசையில் வருகைத் தாள் கைமாறி வரும், கையெழுத்துப் போட்ட பிள்ளை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைத்தது? கம்பன் கழகத்தை 1939இல் தொடங்கிய சா. கணேசன் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்துச் சொன்ன நேரத்துக்கு முடிப்பார், பேசுகிறவர் எத்தனை பெரியவராக இருந்தாலும் சரி. பங்குனி மகத்தில் காரைக்குடியில் தொடங்கி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் முடிகிற விழாவுக்குச் சனங்கள் வந்தது அந்த ஒழுங்குக்காகவும்தான்.

ஆய்வு மாணவி:
ஆச்சி, பொன்னாடை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் கம்பன் விழாவோடு ஒப்பிடாதீர்கள், அது ஊர் கூடி நடத்துவது. இங்கே துறைக்கு வரும் நிதி மாணவர் பயிற்சிக்கென்று வருகிறது, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் எத்தனை மாணவர் பங்கேற்றார்கள் என்றுதான் கேட்கும். வருகைத் தாள் அதற்குத்தான் சுற்றுகிறது. பேராசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கோட்டையூரான்:
நிதி மாணவருக்கு வரட்டும் தங்கச்சி, அந்த நாற்காலியில் ஊர்க்காரன் ஒருவன் உட்கார்ந்தால் எந்தக் கணக்கு குறையும்? கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. தமிழில் அச்சான புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஆய்வாளர்கள் உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். அப்படி ஒரு ஆள் இன்றைக்கும் ஏதோ ஒரு பட்டறையில் இருப்பான், பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் அவனால் வர முடியாது. அறிவியலுக்கும் இதேதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி வந்த மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அந்த ஊர்ப் பாட்டரி கடைக்காரருக்கு மின்கலத்தைப் பற்றிக் கேட்க ஆசை இருக்காதா? ஆங்கிலத்தில் பேசட்டும், வாசலில் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கொடுங்கள், கேள்வியைத் தமிழில் கேட்க விடுங்கள்.

தந்திக்காரர்:
நீங்கள் மூன்று பேரும் கச்சேரியை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். காலை பதினொரு மணிக்கு, ஆயிரம் பேர் உட்காரும் குளிர்சாதன அரங்கில், ஒலிபெருக்கியை அலறவிட்டு வீணை வாசிக்கச் சொல்வது அந்த வாத்தியத்துக்குச் செய்கிற அநியாயம். காரைக்குடி சகோதரர்கள் வாசித்த ஊர் இது, சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் கிடத்தி வைத்து வாசிப்பார். சங்கீத நாடக அகாதெமி முதன்முதலில் விருது கொடுத்தபோது கர்நாடக இசையில் வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வாத்தியத்துக்கு இந்தச் சாம்பசிவ ஐயர், இரண்டு பேருமே நம் பக்கம். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், பிரதான ராகம், கடைசியில் துக்கடா எனும் சின்ன உருப்படிகள் என்று இன்றைக்குப் பாடுகிற கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி. அதை முழுசாகக் கேட்க இரண்டரை மணி நேரமாவது வேண்டும். வகுப்பு இடைவேளைக்குள் முக்கால் மணியில் முடிக்கச் சொன்னால் வாசிக்கிறவர் ராகத்தை விரிக்கவே மாட்டார். ஏதாவது ஒரு பழைய வீட்டின் வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்), சனிக்கிழமை மாலை, ஜமக்காளம் விரித்து நூறு பேரை உட்கார வைத்தால் போதும். தந்தியில் விரல் இழுபடும்போது வருகிற அந்த மெல்லிய உரசல் சத்தம்கூடக் காதில் விழும், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் எங்கே பிறக்கிறது என்று பிள்ளைகளுக்கு அங்கேதான் புரியும்.

ஆய்வு மாணவி:
சனிக்கிழமை, வளவு, சரி. ஆனால் கல்லூரிப் பேருந்து ஒன்று எட்டரை வரை நிற்க வேண்டும், பெண் பிள்ளைகளை ஊர் வரை கொண்டுபோய் விட வேண்டும். அதை எழுத்தில் கொடுத்தால் கச்சேரிக்கு நானே ஐம்பது பேரைக் கூட்டி வருகிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
வீடு நான் கேட்டுத் தருகிறேன் தாயி. எங்கள் பங்காளி வீட்டில் வருஷத்தில் பத்து மாதம் வளவு பூட்டியேதான் கிடக்கிறது. பொன்னாடை மட்டும் வேண்டாம்.

கோட்டையூரான்:
அப்படியே அந்த வீட்டுப் பராமரிப்புக் கருத்தரங்கையும் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிவிடுங்கள். கொத்தனாரை நான் கூட்டி வருகிறேன்.

ஆய்வு மாணவி:
அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. இருட்டின பிறகு பூச்சு விட்டிருப்பதையும் உத்திரத்தில் கரையான் ஏறியிருப்பதையும் எதை வைத்துக் காட்டுவார்கள்? கொத்தனாருக்கு அன்றைய கூலியைத் துறையே கொடுத்து, விருந்தினருக்குக் கொடுக்கிற மாதிரி அழைப்பிதழில் அவர் பெயரையும் போட்டுப் பகலிலேயே கூப்பிடட்டும்.