எந்தக் கட்சியையும் நம்பாதவர், வாக்கை எதை வைத்து முடிவு செய்வது?

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

எனக்கு எந்தக் கட்சியின் மீதும் நம்பிக்கை இல்லை. இதைச் சலிப்பு என்று சொல்லித் தள்ளிவிட வேண்டாம்; காரணங்கள் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தவை புதுச்சேரியில் எவருக்கும் மறந்திருக்காது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஆறு உறுப்பினர்கள் சில வாரங்களுக்குள் பதவி விலகினர், பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அரசு பெரும்பான்மை இழந்து வெளியேறியது, ஏப்ரலில் நடந்த தேர்தலில் விலகியவர்களுள் சிலர் வேறு சின்னத்தில் நின்று வென்று மீண்டும் அதே அவைக்குள் வந்து அமர்ந்தனர். முந்தைய தேர்தலில் ஒரு கட்சிக்கு என்று எண்ணிப் போடப்பட்ட வாக்குகளுக்கு இதில் என்ன மதிப்பு இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாக்குறுதிகளின் நிலையும் இதுதான். மாநில அந்தஸ்து பெற்றுத் தருவோம் என்று சொல்லாத கட்சி இங்கே இல்லை. மூடிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. துணி ஆலையைத் திறப்போம் என்று ஏதேனும் ஒரு மேடையில் யாராவது சொல்லாமல் ஒரு தேர்தலும் போவதில்லை.

வாக்குச்சாவடிக்கே போகாமல் இருந்துவிடலாமா, நோட்டாவை அழுத்தலாமா, கட்சியைப் பாராமல் ஆளைப் பார்த்துப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் மாமனார் சின்னத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்; என் மகன் முதன்முறை வாக்களிக்கப் போகிறவன், நோட்டாதான் என்று உறுதியாக இருக்கிறான். இருவருக்கும் நடுவில் நான் விழிக்கிறேன். இன்ன கட்சிக்குப் போடுங்கள் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

வில்லியனூர் ஓய்வு ஆசிரியர் எழுதியது:

பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியவன் என்ற முறையில் நோட்டாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதைப் பற்றி இளைஞர்களிடம் தவறான எதிர்பார்ப்பு பரவியிருக்கிறது.

முன்பு 49-ஓ என்ற விதி மட்டுமே இருந்தது. வாக்களிக்க விருப்பமில்லை என்று வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்ல வேண்டும், அவர் 17-ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டு கையொப்பம் வாங்குவார், கட்சி முகவர்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். எவருக்கும் வாக்களிக்காத உரிமையும் இரகசியமாக இருக்க வேண்டும் என்று 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் இயந்திரத்தின் கடைசிப் பொத்தானாக நோட்டா வந்தது. அந்த அளவில் அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் அதன் ஆற்றல் அவ்வளவுதான். ஒரு தொகுதியில் நோட்டாவுக்கே அதிக வாக்குகள் விழுந்தாலும், வேட்பாளர்களுள் அதிகம் பெற்றவர் வெற்றி பெற்றதாகவே அறிவிக்கப்படுவார். டெபாசிட் கணக்கிடும்போது செல்லத்தக்க வாக்குகளில் நோட்டாவைச் சேர்ப்பதில்லை. எனவே ஒருவருடைய டெபாசிட்டைக்கூட அதனால் பறிக்க முடியாது. மகாராஷ்டிரா, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் என்று 2018-இல் விதி செய்தன. சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ அப்படி எதுவும் இல்லை.

உங்கள் மகனிடம் நோட்டாவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நிற்பவர்களுள் ஒருவரைக்கூட மற்றவரைவிடப் பரவாயில்லை என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் அது நேர்மையான பதில்தான். ஆனால் இருவருக்கிடையே ஒரு வேறுபாடு தெரிந்த பிறகும் அதை அழுத்துவது, முடிவெடுக்கும் வேலையை அண்டை வீட்டாரிடம் விட்டுவிட்டு வருவதுதான். வீட்டிலேயே இருந்துவிடுவது அதைவிடப் பயனற்றது, ஏனெனில் போகாதவர் கோபத்தால் போகவில்லையா சோம்பலால் போகவில்லையா என்பதை எந்தக் கணக்கும் காட்டாது.

பாகூர்க்காரன் எழுதியது:

ஆளைப் பார்த்துப் போடுவது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊர் அவையின் கணக்கைத் தெரிந்துகொண்டு அதைப் பேச வேண்டும்.

புதுச்சேரியில் மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர். இவர்களுடன் மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம் என்று 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசச் சட்டம் சொல்கிறது. அந்த நியமன உறுப்பினர்களுக்கு நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வாக்குரிமை உண்டு என்பதை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2021 பிப்ரவரி 22 அன்று அவையில் அரசின் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர், எதிர்ப்பக்கம் 14 பேர். அந்த 14-இல் மூவர் நியமன உறுப்பினர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் 12-க்கு 11. இவ்வளவு சிறிய அவையில் ஓர் உறுப்பினர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே ஆட்சியைத் தீர்மானிக்கிறது. அப்படியிருக்க, கட்சி முக்கியமில்லை, நல்ல மனிதர் போதும் என்று எப்படிச் சொல்வது?

சுயேச்சைகளையும் பாருங்கள். 2021 தேர்தலில் ஆறு சுயேச்சைகள் வென்றார்கள், நாட்டில் வேறெங்கும் எளிதில் காண முடியாத விகிதம் இது. கட்சிகளின் மீதான வெறுப்பால்தான் மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போது பலரும் பெருமையாகப் பேசினார்கள். முடிவு வந்த சில நாட்களிலேயே அவர்களுள் சிலர் பா.ஜ.க.வுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தொகுதிக்கு வேலை நடக்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. ஆனால் வாக்களித்தவர் ஒரு கட்சியையும் வேண்டாமென்று போட்ட வாக்கு, அவர் கேட்காமலேயே ஒரு கட்சியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே சுயேச்சை வேட்பாளர் வாசலுக்கு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘ஆட்சி அமைக்க உங்கள் ஆதரவு தேவைப்பட்டால் யாருக்குத் தருவீர்கள்?’ என்பதுதான். பதில் சொல்லாமல் சிரிப்பவருக்கு என் வாக்கு கிடையாது.

என் முறை கொஞ்சம் முரட்டுத்தனமானது. முதலில் யார் ஆட்சிக்கு வரக்கூடாது என்று முடிவு செய்கிறேன். பிறகு, என் தொகுதியில் அதைத் தடுக்கக்கூடியவர் யார் என்று பார்க்கிறேன். நம்பிக்கை வைக்க ஒரு கட்சியும் வேண்டியதில்லை. அவநம்பிக்கையின் அளவு ஒவ்வொரு கட்சியின் மீதும் ஒரே மாதிரி இருக்காது அல்லவா?

கடலூர் முதுநகர் எழுதியது:

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல். எங்கள் கடலூர்த் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கிறோம். உங்கள் முப்பது தொகுதிகளுக்கும் சேர்த்தே பத்து லட்சத்தை ஒட்டித்தான் வரும். சராசரியாக ஒரு தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம். 2021-இல் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியே ஏனாம் தொகுதியில் ஒரு சுயேச்சையிடம் 655 வாக்குகளில் தோற்றார். எங்களுக்கு வேட்பாளர் என்பவர் சுவரொட்டியில் இருக்கும் முகம். உங்களுக்கு அவர் கலியாணத்துக்கும் துக்கத்துக்கும் வீடு தேடி வருகிறவர். ஆளை எடைபோட உங்களுக்கு இருக்கும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை, நாங்கள் பெரும்பாலும் சின்னத்தை வைத்தே முடிவு செய்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். எங்கள் நகரம் மாநகராட்சியாகி 2022 பிப்ரவரியில் தேர்தலும் நடந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டால் வார்டு கவுன்சிலரைத் தேடிப் போகிறோம். சிப்காட் தொழிற்பேட்டையின் மாசைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் சட்டமன்ற உறுப்பினர். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பின் மறுபடி நடக்கவேயில்லை. அதனால் கால்வாய் தூர்வாருவது முதல் மாநில அந்தஸ்து வரை எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒரே ஆளைப் பிடித்துக்கொள்கிறீர்கள். கால்வாயைத் தூர்வாரியவர் கட்சி மாறினாலும் நல்லவர் ஆகிவிடுகிறார். உங்கள் அவநம்பிக்கையில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடலூர் நண்பர் சொன்னது சுருக்கென்று தைத்தது. எங்கள் தெருவில் உறுப்பினரைப் பற்றிய பேச்சு முழுவதும் தண்ணீர்க் குழாயையும் தெருவிளக்கையும் தாண்டுவதில்லை.

முதலில் எழுதத் தயங்கிய ஒன்றை இப்போது கேட்கிறேன். தேர்தலுக்கு முந்தைய இரவுகளில் பணமும் டோக்கனும் வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொடுக்க வருகிறவர், ‘உங்கள் பூத்தில் எத்தனை விழுந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். என் மாமியார் அதை அப்படியே நம்புகிறார். வாங்கிய கைக்குத் துரோகம் செய்யக்கூடாது என்றும் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை?

முத்தியால்பேட்டை வழக்கறிஞர் எழுதியது:

ஐயா, அவர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதியை வைத்துத்தான் மிரட்டல் நடக்கிறது. தனி ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை எவராலும் அறிய முடியாது. யாருக்கு வாக்கு விழுந்தது என்று உங்களுக்குக் காட்டும் விவிபாட் சீட்டு கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. அதில் உங்கள் பெயரோ எண்ணோ இருப்பதில்லை. ஆனால் எண்ணிக்கை வாக்குச்சாவடிவாரியாக நடப்பதால், இந்தச் சாவடியில் இன்னாருக்கு இத்தனை என்பது படிவம் 20 என்ற முடிவுத் தாளில் வெளியாகிறது. பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையமே பரிந்துரைத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே உங்கள் தெருவைப் பற்றித் தெரியும், உங்கள் மாமியாரைப் பற்றித் தெரியாது. இதை அவரிடம் பொறுமையாக விளக்குங்கள்.

வாங்கிய கை பற்றி. வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம். பணப் பட்டுவாடாவுக்காக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும் 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே நிறுத்தினார்கள். குற்றத்தில் பிறந்த பணத்துக்கு விசுவாசம் காட்ட வேண்டிய கடமை எந்த அறநூலிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மறுப்பதே சரி, மறுக்க அஞ்சும் முதியவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கவும் எனக்கு மனமில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. பாகூர் நண்பர் கட்சியையும் மற்றவர்கள் ஆளையும் பற்றிப் பேசினார்கள். நான் காகிதத்தைப் பார்க்கிறேன். வேட்புமனுவுடன் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவருக்கும் கிடைக்கும். பலர் அதில் வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது போதாது. தடையை மீறி மறியல் செய்ததற்கான வழக்கும் நில மோசடி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான். எந்தச் சட்டப் பிரிவு, நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே நின்றவரானால் முந்தைய பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சொத்து வளர்ந்திருப்பதே தவறில்லை, நிலத்தின் விலை எல்லோருக்கும் ஏறியிருக்கிறது. தொழில் என்று எழுதியிருப்பதற்கும் சேர்ந்திருப்பதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே கேள்வி. வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையும் அதே பத்திரத்தில் இருக்கிறது.

குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தும் கட்சி, ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கான காரணத்தை நாளிதழிலும் தன் சமூக ஊடகப் பக்கத்திலும் வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கக்கூடாது என்றும் சொன்னது. அந்த அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். ஒரு கட்சி தன் வாக்காளரை எவ்வளவு மதிக்கிறது என்பதை அந்த நாலு வரிகளைப் போல அதன் தேர்தல் அறிக்கைகூடக் காட்டாது.

வாக்குறுதிகளிலும் இப்படி ஒரு சல்லடை உண்டு. மாநில அந்தஸ்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தர வேண்டியது. நம் அவை பலமுறை தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியும் இருக்கிறது. அதைப் பெற்றே தீருவேன் என்று ஒரு சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், அவர் தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்கிறார். நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடத்தக் குரல் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். அது பெருமளவு இங்குள்ள அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. அதிகாரம் பங்கு போய்விடும் என்பதால் எந்தக் கட்சி உறுப்பினருக்கும் அதில் அவசரம் இருந்ததில்லை.

பாகூர்க்காரன் எழுதியது:

வழக்கறிஞர் அம்மா சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். சுத்தமான பத்திரம் வைத்திருக்கும் வேட்பாளரும் கட்சிக் கொறடாவின் உத்தரவுப்படிதான் அவையில் கை தூக்க வேண்டும். மீறினால் 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகலாம். பதவி விலகிவிட்டு அடுத்த தேர்தலில் வேறு சின்னத்தில் நிற்பவரை அந்தச் சட்டம் எதுவும் செய்வதில்லை என்பதைத்தான் 2021-இல் பார்த்தோமே. காகிதத்தையும் பாருங்கள், கட்சியையும் கழித்துவிடாதீர்கள்.

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

எங்கள் தொகுதியில் நிற்கக்கூடியவர்கள் என்று பேசப்படுபவர்களுள் இருவர் முன்பும் நின்றவர்கள். அவர்களுடைய பழைய பத்திரங்களை நானும் மகனும் நேற்றிரவு இறக்கிப் படித்தோம். ஒருவருடையதில் தொழில் என்ற இடத்தில் ‘சமூக சேவை’ என்று மட்டும் இருக்கிறது, சொத்துப் பட்டியல் பல பக்கங்களுக்குப் போகிறது. மகன் நோட்டாவிலிருந்து இன்னும் இறங்கி வரவில்லை. ஆனால் மனுத் தாக்கல் முடிந்ததும் புதிய பத்திரங்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்கிறான். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் உள்ளாட்சித் தேர்தல் பற்றியும் ஆதரவு யாருக்கு என்பது பற்றியும் கேட்கப் போகிறேன். கிடைக்கும் பதில்களை, வேட்பாளர் பெயரைக் குறிப்பிடாமல், இங்கேயே எழுதுகிறேன்.