அம்மா வெளிநாட்டில்: பிள்ளைகளிடம் கண்டது, நாங்கள் பட்டது

இலங்கை மலையகம், மஸ்கெலியாப் பக்கத்து டீச்சர்:
என் வகுப்பு, தரம் 3. ஒரு பையனுக்குத் திங்கட்கிழமையானா வயித்து வலி. ஆஸ்பத்திரியில காட்டினாங்க, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஒருநாள் பக்கத்துல உக்கார வச்சுக் கேட்டேன். அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனது ஒரு ஞாயிறு ராத்திரி. அழுவான்னு தூங்க வச்சிட்டுப் போயிருக்காங்க. விடிஞ்சு எழும்பினா அம்மாவோட கம்பளி மடிச்சபடி கிடக்கு. இப்போ அம்மாயி (அம்மாவோட அம்மா) முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டுத்தான் படுப்பானாம். தூங்கிட்டா அவங்களும் போயிடுவாங்கன்னு பயம்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு 2013ல குடும்பப் பின்னணி அறிக்கைன்னு கொண்டுவந்தாங்க. அப்போ அஞ்சு வயசுக்கு மேல பிள்ளை இருந்தா, யார் பார்த்துக்குவாங்கன்னு காட்டணும்னு இருந்துச்சு. அது வேணும்தான். ஆனா பார்த்துக்க ஆள் இருந்தும், இந்தப் பிள்ளைகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே!

பதுளைத் தங்கச்சி:
டீச்சர், நானும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான். அம்மா சவூதி போனப்போ நான் தரம் 8. அப்பாவுக்குக் கொழும்புல கடை வேலை. விடியுமுன்ன பீலியில தண்ணி எடுத்து, ரொட்டி சுட்டு, தம்பிங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டு நான் ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள முதல் பாடம் முடிஞ்சிடும். லயமே, தோட்டத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம், "பொறுப்பான பிள்ளை"ன்னு சொல்லும். நீ தூங்கினியா, சாப்பிட்டியான்னு யாரும் கேக்கல. கோவத்துல தம்பியை அடிச்சிட்டு, அவன் தூங்கினதும் காலைத் தடவிக்கிட்டு அழுவேன்.

நாலு வருசம் கழிச்சு அம்மா வந்தாங்க. சின்னவன் அவங்க முன்னாலேயே என்கிட்ட வந்து சோறு கேட்டான். அம்மா இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) போய் உக்காந்துட்டாங்க. அவங்களை எப்படிக் குத்தம் சொல்றது? கொழுந்து எடுத்த காசுல மூணு பேரைப் படிக்க வைக்க முடியல.

டீச்சர்:
படிக்கவே மனசு கனக்குதும்மா. அந்தப் பையனோட அம்மாகிட்ட வாட்ஸ்அப்ல பேசினேன். "சொல்லாமப் போனது தப்புதான் ராசா"ன்னு அவங்களே அவன்கிட்ட சொன்னாங்க. இப்போ வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கட்டாயம் கோல் வரும். வலி குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கல. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னா, பைத்தியம்னு பேர் வந்துடும்னு அம்மாயி தயங்குறாங்க. முதல்ல போன்ல பேசிப் பார்க்க மனநல உதவி இலக்கம் 1926 இருக்கு. பிள்ளைக்கு யாராவது கொடுமை செஞ்சா சிறுவர் உதவி இலக்கம் 1929. ரெண்டு இலக்கத்தையும் வகுப்புச் சுவர்ல ஒட்டியிருக்கேன்.

பதுளைத் தங்கச்சி:
அவனுக்கு அக்கா யாரும் இருக்காங்களா டீச்சர்?

டீச்சர்:
இருக்கா. தரம் 7. வகுப்புல சத்தமே போடமாட்டா, நல்ல பிள்ளைன்னு நினைச்சிருந்தேன். நாளைக்கே கூப்பிட்டுப் பேசுறேன்.